மேலவை இல்லாத தமிழ்நாடு

(அதிராம்பட்டினத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளையார் எனக்குத் தந்த தலைப்பு, 'கூட்டாட்சி நாட்டில் ஓரவை, ஈரவைச் சட்டமன்றங்கள்'. தலைப்பைக் கேட்டதுமே பின்வரிசையில் இருக்கும் தம்பிகள் சிலர் வாசலைப் பார்க்கிறார்கள். பயப்பட வேண்டாம். அரசமைப்புச் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்கப் போவதில்லை. பக்கத்து ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

ராஜாமடத்தில் 1910-இல் பிறந்தவர் ஆர். வெங்கட்ராமன். குடியரசுத் தலைவராக இருந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் சென்னை மாநிலத்தின் தொழில் அமைச்சராக எந்த வழியில் வந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1957 தேர்தலில் தஞ்சாவூர் மக்களவைத் தொகுதியில் இரண்டாம் முறையாக வென்றார். காமராஜர் கூப்பிட்டார். எம்.பி. பதவியை விட்டுவிட்டு மாநில அமைச்சரானார். அமைச்சரானவர் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தின் ஏதாவதோர் அவையில் உறுப்பினராகிவிட வேண்டும் என்பது விதி. அவர் சட்டப்பேரவைக்குப் போட்டியிடவில்லை. மேலவை வழியாக வந்தார். 1967 வரை எம்.எல்.சி.யாகவும், மேலவையின் அவை முன்னவராகவும் இருந்தார்.

1984-இல் அவர் குடியரசுத் துணைத் தலைவரானார். துணைத் தலைவராக இருப்பவரே மாநிலங்களவைக்கும் தலைவர். இரண்டே ஆண்டில், தமிழ்நாட்டுச் சட்ட மேலவையை ஒழிக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. தான் முன்னவராக இருந்த அவைக்கு முடிவு கட்டிய மசோதா, தான் தலைவராக இருந்த அவையைக் கடந்து போனதை ராஜாமடத்துக்காரர் பார்த்தார். 1986 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மேலவை இல்லை.

அந்த மேலவை போனதால் நமக்கு நட்டமா, லாபமா என்பதுதான் இன்றைய பேச்சு. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலவை போனது சரி. ஆனால் அது செய்திருக்க வேண்டிய வேலையை வேறு யாரிடமும் ஒப்படைக்காமல் விட்டது தவறு.

டெல்லியில் இரண்டு அவைகள் இருப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. மக்களவை மக்களைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது; மாநிலங்களவை மாநிலங்களை. கூட்டாட்சி என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில் மாநிலங்களுக்கென ஓர் அவை வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. மாநிலத்துக்குள் இரண்டாவது அவை யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது? தஞ்சாவூர் மாவட்டமும் தருமபுரி மாவட்டமும் ஒப்பந்தம் போட்டுத் தமிழ்நாட்டை உருவாக்கவில்லை. இந்தக் கேள்விக்கு அரசமைப்பு அவையிலேயே உறுதியான பதில் கிடைக்கவில்லை. அந்தந்த மாகாணத்து உறுப்பினர்களே கூடி, மேலவை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யட்டும் என விட்டார்கள். சென்னை வேண்டும் என்றது. அசாம், ஒரிசா வேண்டாம் என்றன. இது ஒரு சோதனை முயற்சிதான், வேண்டாதபோது நீக்கிக்கொள்ள வழி வைத்திருக்கிறோம் என்ற பொருளில் அம்பேத்கர் பேசினார். அந்த வழிதான் 169-ஆம் பிரிவு. சட்டப்பேரவை மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையில் தீர்மானம் போட்டால், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் மேலவையை உண்டாக்கலாம், ஒழிக்கலாம். அரசமைப்புத் திருத்தம் என்று அது கணக்கிலேயே வராது. கலைக்கப்படும் அவையின் சம்மதத்தையும் யாரும் கேட்க வேண்டியதில்லை.

மத்தியப் பிரதேசத்தின் கதை வேடிக்கையானது. 1956-இல் ஏழாவது திருத்தம் அந்த மாநிலத்துக்கும் மேலவை உண்டு என்று எழுதி வைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை இன்றுவரை வரவில்லை. காகிதத்தில் ஈரவை, கட்டடத்தில் ஓரவை.

இன்று ஆறு மாநிலங்களில்தான் மேலவை இருக்கிறது: உத்தரப் பிரதேசம், பிகார், மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா. மேற்கு வங்கம் 1969-இலும் பஞ்சாப் அடுத்த ஆண்டும் கைவிட்டன. ஜம்மு காஷ்மீரில் 2019-இல் மாநிலத்தோடு மேலவையும் போயிற்று.

உறுப்பினர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்ப்போம். தமிழ்நாட்டுக்கு 2010-இல் திட்டமிட்ட மேலவையையே எடுத்துக்கொள்ளலாம். பேரவையின் 234 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 78 பேர். உள்ளாட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 26, எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பவர்கள் 26, பட்டதாரி தொகுதியில் 7, ஆசிரியர் தொகுதியில் 7, ஆளுநர் நியமிப்பவர்கள் 12. ஆறாண்டுப் பதவி. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவார்கள். அவையைக் கலைக்க முடியாது.

எம்.எல்.ஏ.க்கள் வாக்களிக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. தேர்தல் அதிகாரி தரும் பேனாவால் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். ஒரே நேரத்தில் 9 இடங்களுக்குத் தேர்தல் என்றால், 234-ஐப் பத்தால் வகுத்து அதற்கு மேல் ஒரு வாக்கு, 24 எம்.எல்.ஏ.க்கள் கையில் இருந்தால் ஓர் எம்.எல்.சி. உறுதி. மாநிலங்களவைத் தேர்தலில் 34 பேருக்கு ஓர் எம்.பி. என்று நாளிதழ்கள் கணக்குப் போடுகின்றனவே, அதே கணக்குதான். தேர்தல் என்று பெயர். பேரவையில் கட்சிகளின் பலம் தெரிந்தவுடனே முடிவும் தெரிந்துவிடும். பேரவை முகம் பார்க்கும் கண்ணாடியாக ஓர் அவையை வைத்துக்கொண்டு, அது பேரவைக்குப் புத்தி சொல்லும் என்று எதிர்பார்த்தோம்.

பட்டதாரி தொகுதிக்கு வருவோம். இந்த ஊரில் காதர் முகைதீன் கல்லூரி தொடங்கிய 1955-இல், பட்டுக்கோட்டை வட்டாரத்தில் பி.ஏ. என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டவரை ஊரே திரும்பிப் பார்க்கும். படித்தவர் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் குரலும் சட்டமன்றத்தில் ஒலிக்கட்டும் என்று அன்று நினைத்ததைப் புரிந்துகொள்ளலாம். இன்று வீட்டுக்கு இரண்டு பட்டதாரிகள். உப்பளத்தில் வேலை செய்யும் தாய்க்கு ஒரு வாக்கு, அவர் படிக்க வைத்த மகனுக்கு இரண்டு வாக்கு என்பதற்கு இனி என்ன நியாயம் இருக்கிறது? பட்டதாரிகள் இருக்கும் அவையிலேயே இதைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலவை என்றதும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைச் சொல்பவர்கள் உண்டு. அவர் 1926-இல் நியமனம் பெற்று, துணைத் தலைவரும் ஆகி, தேவதாசி முறைக்கு எதிராகக் குரல் கொடுத்தது உண்மை. ஆனால் அன்று சென்னையில் இருந்தது ஒரே அவைதான். இரண்டாவது அவை வந்தது 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1937-இல். அம்மையாரின் பெருமை ஓரவையின் கணக்கில் சேர வேண்டியது.

ஈரவைக் காலத்தில் மேலவை எதற்குப் பயன்பட்டது? அறிஞர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார், ம.பொ.சி. கடைசித் தலைவராக இருந்து அதை நடத்தினார். ஆனால் தமிழ்நாட்டு அரசியலைத் திருப்பிய கட்டங்களில் மேலவை வாசலாகத்தான் பயன்பட்டது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு 375-இல் 152 இடங்களே கிடைத்தன. ராஜாஜி தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். அந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் வரை போனார், பலன் இல்லை. 1967-இல் அண்ணா தென்சென்னையில் மக்களவைக்கு நின்று வென்றிருந்தார். முதலமைச்சரானபின் அவரும் மேலவை வழியாகவே வந்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அண்ணாவின் கட்சியை மக்கள் தெளிவாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1952-இல் மக்கள் சொன்னது வேறு, கோட்டையில் நடந்தது வேறு.

இது பழங்கதை அல்ல. 2020 மே மாதம் கொரோனா ஊரடங்கு நடுவில், மகாராஷ்டிர முதலமைச்சராக இருந்த உத்தவ் தாக்கரேயின் ஆறு மாதக் கெடு முடியவிருந்தது. அமைச்சரவை பரிந்துரைத்தும் ஆளுநர் நியமனக் கோப்பில் கையெழுத்திடவில்லை. கடைசியில் அவசரமாகத் தேர்தல் வைத்து அவர் போட்டியின்றி மேலவை உறுப்பினரானார். தெலங்கானாவில் 2023-இல் அரசு அனுப்பிய இரண்டு பெயர்களை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜன் திருப்பி அனுப்பினார். இன்று தமிழ்நாட்டில் மேலவை வந்தால், அந்த 12 நியமனப் பெயர்கள் ஆளுநர் மாளிகையில் எத்தனை மாதம் கிடக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி 1986. அந்த ஆண்டு தொடக்கத்தில் பல்லாண்டு கழித்து உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. நகராட்சிகளில் பெரும்பாலானவற்றைத் தி.மு.க. பிடித்தது. கலைஞர் அப்போது மேலவை உறுப்பினர்.  அடுத்து, ஆளுங்கட்சி மேலவைக்கு முன்மொழிந்த ஒரு திரைப்பட நடிகை நொடித்தவர் என்று நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருந்தார் என்று சர்ச்சை கிளம்பியது.  நொடித்தவர் உறுப்பினராக முடியாது. கடன் அடைக்கப்பட்டும் அவர் விலக நேர்ந்தது. ஆளுநர் விளக்கம் கேட்டார். மே 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு மேலவையை ஒழிக்கும் தீர்மானத்தைப் பேரவையில் நிறைவேற்றியது. நடிகை விவகாரத்தில் வந்த கோபம்தான் காரணம் என்று பேசுவது சுவையாக இருக்கும். உள்ளாட்சித் தொகுதிகள் வழியாக எதிர்க்கட்சி மேலவையில் பெருகப் போகிறது என்ற கணக்கைத்தான் நான் பெரிய காரணமாகப் பார்க்கிறேன்.

அதன்பின் நடந்தது நாற்காலி விளையாட்டு. 1989-இல் தி.மு.க. மேலவை வேண்டும் என்று தீர்மானம் போட்டது, 1991-இல் அ.தி.மு.க. வேண்டாம் என்றது. 1996-இல் வேண்டும், 2001-இல் வேண்டாம். 2010-இல் மீண்டும் வேண்டும். இந்த முறை நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது. தொகுதிகள் வரையப்பட்டன, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, தேர்தல் நடப்பதற்குள் ஆட்சி மாறியது. 2011-இல் மீண்டும் வேண்டாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா 2012-இல் மாநிலங்களவையில் அறிமுகமானது. இத்தனை தீர்மானங்களிலும், மேலவை இருந்தால் சட்டங்கள் எப்படி நல்லதாகும் என்று யாராவது உட்கார்ந்து ஆராய்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆந்திரத்தின் கதை இன்னும் அப்பட்டம். என்.டி.ராமாராவ் ஆட்சி 1985-இல் மேலவையை ஒழித்தது. 2007-இல் அது திரும்ப வந்தது. 2020 ஜனவரியில் மாநிலத்துக்கு மூன்று தலைநகரங்கள் அமைக்கும் மசோதாவை, தெலுங்கு தேசத்துக்குப் பெரும்பான்மை இருந்த மேலவையின் தலைவர் தேர்வுக் குழுவுக்கு அனுப்பினார். ஐந்தே நாளில், மேலவையே வேண்டாம் என்று ஜெகன் அரசு பேரவையில் தீர்மானம் போட்டது. 2021 நவம்பரில் அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இடையில் மேலவை ஜெகன் கட்சியின் கைக்கு வந்துவிட்டிருந்தது. அந்த மேலவை அன்று தன் வேலையைச் செய்தது. அதற்குத்தான் தூக்குத் தண்டனை. செய்த வேலையாலும் பெரிதாக எதுவும் நின்றுவிடவில்லை. மாநில மேலவை ஒரு சாதாரண மசோதாவை முதல்முறை மூன்று மாதம், பேரவை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால் ஒரு மாதம் நிறுத்தலாம். அதற்குப் பிறகு அது நிறைவேறியதாகவே கொள்ளப்படும். டெல்லியைப் போலக் கூட்டுக் கூட்டமும் கிடையாது. பண மசோதா என்றால் 14 நாள்தான். தலைநகர் மசோதாக்களும் அந்தக் கெடு முடிந்ததும் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்றன.

மற்ற கூட்டாட்சி நாடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கனடாவின் பத்து மாகாணங்களிலும் ஒரே அவைதான். கியூபெக் கடைசியாக 1968-இல் மேலவையை விட்டது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநில அரசு, ஒழிப்புக்கு வாக்களிப்பதாக ஒப்புக்கொண்டவர்களையே மேலவைக்கு நியமித்து, 1922-இல் அவர்கள் கையாலேயே அதை முடித்தது. மற்ற ஐந்து மாநிலங்களில் இரண்டு அவைகளும் இன்றும் உண்டு. பவேரியாவில் 1998-இல் மக்களே வாக்களித்து ஒழித்தார்கள். கூட்டாட்சி நாடு இல்லையென்றாலும், இந்த ஊர்க்காரர்கள் பலர் வணிகம் செய்த இலங்கையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே செனட் சபை 1971-இல் மறைந்தது. அமெரிக்காவில் 49 மாநிலங்களுக்கு இரண்டு அவைகள்; நெப்ராஸ்காவுக்கு மட்டும் 1937 முதல் ஒன்று. நெப்ராஸ்காவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

அவையோரே, இனி நம்முடைய பிரச்சினைக்கு வருகிறேன். 2020 பிப்ரவரி 20. காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமுன்வடிவு அன்று காலை பேரவையில் அறிமுகமானது, அன்றே நிறைவேறியது. நல்ல சட்டம்தான், நாம் கேட்ட சட்டம்தான். ஆனால் பதினொரு நாள் முன்பு சேலத்தில் முதலமைச்சர் அறிவித்தபோது இருந்த திருச்சி, அரியலூர், கரூர் பகுதிகள் சட்டத்தின் அட்டவணையில் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையில் சில ஒன்றியங்களும் மட்டும் இருந்தன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று தி.மு.க. கேட்டது. அரசு மறுத்தது. வெளிநடப்பு செய்தார்கள்.

அடுத்த ஆட்சி. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். 100 ஹெக்டேருக்குக் குறையாத, நீர்நிலைகளும் உள்ள நிலத்தைச் சிறப்புத் திட்டங்களுக்காக ஒருங்கிணைக்கும் சட்டமுன்வடிவு விவாதம் இல்லாமல் நிறைவேறியது. ஏரியும் வாய்க்காலும் சம்பந்தப்பட்ட சட்டம். கடைமடை விவசாயி மறுநாள் நாளிதழில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அதே நாளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் திருத்தமும் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சட்டமன்றத்துக்குள் நடக்க வேண்டிய மறுபரிசீலனை தெருவில் நடந்தது. தொழிற்சங்கம் உள்ளவர்களுக்குத் தெரு கைகொடுத்தது. நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கு எதிராகவும் விவசாயிகள் போராடினார்கள். அந்தச் சட்டம் அப்படியே நிற்கிறது.

மேலவை இருந்திருந்தால் இவை தடைபட்டிருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் மேலவை உறுப்பினரையும் கட்டுகிறது. கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும். பேராசிரியரானாலும் கவிஞரானாலும், கட்சிச் சீட்டில் மேலவைக்குப் போனவர் கைதூக்கத்தான் வேண்டும்.

மேலவையில் எனக்கு மனம் இளகும் ஒரே பகுதி அந்த 26 உள்ளாட்சி இடங்கள். அதிராம்பட்டினம் பேரூராட்சியாக இருந்து 2021-இல் நகராட்சியானது. இந்த நகராட்சி உறுப்பினர்களும், சுற்றியுள்ள மற்ற உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்களும் சேர்ந்து ஒருவரைக் கோட்டைக்கு அனுப்பினால், குடிநீர், கடல் அரிப்பு, கல்லணைக் கால்வாயின் கடைமடைக்குத் தண்ணீர் வராதது எல்லாம் அங்கே பேசப்படும் என்று ஆசைப்படலாம். ஆனால் 2016-க்குப் பிறகு தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலே ஆண்டுக்கணக்கில் நடக்கவில்லை. ஊரகப் பகுதிகளுக்கு 2019 டிசம்பரில் தொடங்கி, நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் முடிந்தது. அதுவரை தனி அலுவலர்கள் ஆண்டார்கள். வாக்காளரே இல்லாத தொகுதிக்கு எம்.எல்.சி. எங்கிருந்து வருவார்? மகாராஷ்டிரத்தில் இதே காரணத்தால் உள்ளாட்சித் தொகுதிகள் பல காலியாகக் கிடந்தன. முதலில் உள்ளாட்சித் தேர்தலைக் காலத்தில் நடத்துங்கள். மேலவையில் அவர்களுக்கு இடம் கொடுப்பதைப் பிறகு பேசலாம்.

நெப்ராஸ்காவுக்கு வருகிறேன். 49 உறுப்பினர், ஒரே அவை. அங்கே எந்தச் சட்டமுன்வடிவும் பொதுமக்கள் விசாரணை இல்லாமல் நகராது. குழுவின் முன் யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம். அவ்வளவு தூரம் போக மனமில்லையென்றால் செங்கோட்டையைத் தாண்டுங்கள். கேரளத்தில் மேலவை இல்லை. ஆனால் 1980 முதல் துறைவாரிப் பொருட்குழுக்கள் இருக்கின்றன. சட்டமுன்வடிவு அறிமுகமானதும் அந்தத் துறையின் குழுவுக்குப் போகிறது. எல்லாக் கட்சியினரும் உட்கார்ந்து பிரிவு பிரிவாகப் பார்க்கிறார்கள். அங்கும் அவசரம் உண்டு, குறை உண்டு. ஆனாலும் அனுப்புவது வழக்கம், அனுப்பாததுதான் விதிவிலக்கு. நம் ஊரில் தலைகீழ். தேர்வுக் குழு நம் பேரவை விதிகளிலும் இருக்கிறது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஆளுங்கட்சியானதும் யாரும் தருவதில்லை.

இதற்கு நாடாளுமன்றச் சட்டம் வேண்டாம், டெல்லிக்குப் போக வேண்டாம், ஆளுநர் கையெழுத்தும் வேண்டாம். பேரவை தன் விதிகளைத் திருத்திக்கொண்டால் போதும். நிலம், நீர், வேலைநேரம் ஆகியவற்றைத் தொடும் எந்தச் சட்டமுன்வடிவும் குழுவுக்குப் போய், சம்பந்தப்பட்ட மாவட்டத்தில் ஒரு நாளாவது விசாரணை நடத்தாமல் வாக்கெடுப்புக்கு வரக்கூடாது என்று ஒரு விதி. டெல்டா சட்டம் என்றால் குழு பட்டுக்கோட்டைக்கு வந்து உட்காரட்டும்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், மேலவை வேண்டுமா வேண்டாமா என்று அவரிடம் கேட்காதீர்கள். "அறிமுகமான அன்றே நிறைவேற்றும் சட்டத்துக்குக் கை தூக்குவீர்களா?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.